சிங்கப்பூர் வெக்கையில் வீட்டு பீர்: முதல் செட்டில் எதை வாங்குவது, எதை விடுவது?

தெம்பனிஸ்வாசி:

வணக்கம் மக்களே. வீட்டிலேயே பீர் காய்ச்சுவது என்று முடிவெடுத்துவிட்டேன், எதை வாங்குவது என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, சமையலறையில் இரண்டு பர்னர் அடுப்பு, ஏர்கான் படுக்கையறையில் மட்டும், அதுவும் ராத்திரிதான் ஓடும். பகலில் கூடத்தில் 30, 31 டிகிரி இருக்கிறது. 250 வெள்ளி வரை ஒதுக்கியிருக்கிறேன்.

கடைகளில் 30 லிட்டர் வாளி, அதற்குக் குழாய், ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத அடைப்பு), ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று அடர்த்தியை வைத்து அளக்கும் கருவி), மூடி அடிக்கும் கருவி, ஒரு டின் மால்ட் (முளைகட்டிய பார்லியின் சாறு) எல்லாம் சேர்த்து ஒரே செட்டாகத் தருகிறார்கள். யூடியூபில் பார்த்தால் எல்லோரும் மின்சாரத்தில் ஓடும் பெரிய ஸ்டீல் இயந்திரத்தைத்தான் காட்டுகிறார்கள், அதன் விலையில் பாதி கூட என்னிடம் இல்லை. செட்டாக வாங்கலாமா, தனித்தனியாகவா? கொதித்ததை ஆறவைக்கும் செப்புச் சுருள் கூலர் அவசியமா? எனக்குக் கசப்பு கொஞ்சம் தூக்கலான பேல் ஏல் பிடிக்கும், மனைவிக்குக் கோதுமை பீர். குளிரில் நொதிக்க வைக்கும் லாகர் இப்போதைக்கு நினைக்கவில்லை. அப்புறம் சட்டப்படி எவ்வளவு காய்ச்சலாம் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

பழையவாளி:

செட் வாங்குவதில் தப்பில்லை தம்பி, ஆனால் வாளிக்கு முன்னால் ஈஸ்ட்டை முடிவு பண்ணுங்கள். நம் ஊரில் சூடுதான் முதல் பிரச்சினை, பாத்திரமெல்லாம் அப்புறம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானும் சூட்டைக் கிளப்பும், அறை 30 என்றால் வாளிக்குள் 33, 34 வரை போகும், முதல் இரண்டு நாள் அது உச்சத்தில் இருக்கும். யூஎஸ்-05 மாதிரியான வழக்கமான ஏல் ஈஸ்ட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்வதே 18 முதல் 26 டிகிரி. அதைத் தாண்டினால் பழவாடை அளவுக்கு மீறும், கூடவே கனமான ஆல்கஹால்கள் உருவாகும், குடிக்கும்போது தொண்டையில் சுள்ளென்று எரியும். எத்தனை மாதம் பாட்டிலில் வைத்திருந்தாலும் அந்த எரிச்சல் முழுசாகப் போகாது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பலர் இந்த ஒரே காரணத்தால் வெறுத்துப்போய் வாளியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஈரத் துணி சுற்றி ஃபேன் போடச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய இருக்கும். வறண்ட காற்று உள்ள ஊரில் அது நன்றாக வேலை செய்யும். இங்கே காற்றில் ஈரம் பெரும்பாலான நேரம் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் ஆவியாவதே குறைவு, ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் பெரிய விஷயம். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைக் காலையும் மாலையும் மாற்றி மாற்றித் தொட்டியில் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய இம்சை.

அதனால் சூட்டை விரும்புகிற ஈஸ்ட்டையே வாங்குங்கள். நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காயவைத்துக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற குடும்பம் இருக்கிறது. அதில் வொஸ் வகையை லாலிமண்ட் நிறுவனம் உலர்ந்த பாக்கெட்டாகவே விற்கிறது, அதற்கு உகந்த சூடு 35 முதல் 40 டிகிரி. நம் கூடத்தில் அப்படியே வைத்துவிடலாம். தூவிய சில மணி நேரத்திலேயே ஏர்லாக் குமிழியிட ஆரம்பிக்கும், வாளியின் மூடியைச் சுற்றி ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிய வாசனை வரும், மூன்று நாலு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். பேல் ஏலுக்கு அந்த ஆரஞ்சு மணம் அழகாகப் பொருந்துகிறது. உங்கள் மனைவி கேட்கிற கோதுமை பீருக்கு மட்டும் இது சரிவராது, அதில் வருகிற வாழைப்பழ, கிராம்பு மணம் ஜெர்மன் கோதுமை ஈஸ்ட்டிலிருந்து வருவது, அதை 30 டிகிரியில் விட்டால் வாழைப்பழம் ஒன்றுதான் மிஞ்சும். அதற்குக் குளிர் ஏற்பாடு வந்த பிறகு போங்கள்.

செப்புச் சுருள் இப்போது வேண்டாம். குழாயில் வரும் தண்ணீரே 28, 29 டிகிரி, எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் வோர்ட் (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) அதற்குக் கீழே இறங்கப்போவதில்லை. க்வைக்குக்கு 35 டிகிரியே போதும் என்பதால் பாத்திரத்தை மூடி சிங்க்கில் ஐஸ் தண்ணீருக்குள் உட்கார வைத்தால் முக்கால் மணியில் வேலை முடிந்தது. ஈஸ்ட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஃபிரிட்ஜும் மிச்சம், கூலரும் மிச்சம்.

அளவு விஷயத்தில் 23 லிட்டருக்குப் போகாதீர்கள், 10 லிட்டர் போடுங்கள். வீட்டு அடுப்பில் 25 லிட்டரைக் கொதிக்கவிடுவது பெரும்பாடு, கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்குவது அதைவிட ஆபத்து. 10 லிட்டர் என்றால் 330 மில்லி பாட்டில் 30 வரும், இரண்டு பேருக்கு அது தாராளம். உணவுத் தரப் பிளாஸ்டிக்கில் 15 லிட்டர் வாளி ஒன்று, நுரை எழும்ப மேலே இடம் வேண்டும் என்பதால் அதைவிடச் சின்னது வேண்டாம். ஊறுகாயோ மசாலாவோ வைத்திருந்த வாளியை மட்டும் தொடாதீர்கள், அந்த வாடை பிளாஸ்டிக்கை விட்டு என்றைக்கும் போகாது. பாத்திரத்துக்குத் தேக்கா பக்கம் பாத்திரக் கடைகளில் நல்ல ஸ்டீல் அண்டா கிடைக்கும், 19 அல்லது 20 லிட்டர் பாருங்கள், பீர்க் கடையில் வாங்குவதைவிட மலிவு.

மிச்சமாகும் காசைச் சுத்தத்தில் போடுங்கள். ஸ்டார் சான் ஒரு சின்னப் பாட்டில், லிட்டருக்கு 1.5 மில்லி கலந்தால் போதும், இரண்டு நிமிடம் நனைந்திருந்தால் சரி, கழுவத் தேவையில்லை, நுரை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே வோர்ட்டை ஊற்றலாம். ஆனால் அது அழுக்கை எடுக்காது, அழுக்கு போன பிறகு மிச்சமிருக்கும் கிருமிக்குத்தான் அது. அழுக்குக்கு சோடியம் பெர்கார்பனேட். தேய்க்கிற நாரை வாளிக்குள் கொண்டுபோகவே கூடாது, கீறலுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். வாளிக் குழாயைக் கழற்றி வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டால் உள் உருளை தனியே கழன்று வரும், அந்த இரண்டு துண்டுக்கும் நடுவில் பழைய பீர் பழுப்புப் பசையாக ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். வெளியே பளபளவென்று இருக்கிற வாளி தொடர்ந்து புளித்துப்போவதற்குக் காரணம் பல நேரம் அந்த இடுக்குதான்.

கல்லாங்_கணக்கர்:

சட்டத்துக்கு மட்டும் பதில். சிங்கப்பூரில் 2004 முதல் சொந்த உபயோகத்துக்கு பீர், ஒயின் மாதிரி நொதிக்க வைக்கும் பானங்களை வீட்டில் செய்ய அனுமதி உண்டு. 18 வயது ஆகியிருக்க வேண்டும், குடியிருக்கும் வீட்டில்தான் செய்ய வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, விற்கவே கூடாது. வடித்து இறக்கும் சம்சு (சாராயம்) வேலைக்கு அனுமதி கிடையாது, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அந்த 30 லிட்டர் கணக்கை வைத்துப் பார்த்தால் 60 லிட்டர் ஃபெர்மென்டர் (நொதிக்க வைக்கும் பாத்திரம்) வாங்குவதில் அர்த்தமில்லை என்று தெரியும். 23 லிட்டர் போட்டால் மாதம் ஒரே தடவை, 10 லிட்டர் போட்டால் மூன்று தடவை. கற்றுக்கொள்கிறவருக்கு மூன்று தடவைதான் லாபம்.

காசுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2014 பட்ஜெட்டுக்குப் பிறகு பீருக்குத் தீர்வை ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி. 5 சதவீத பீர் 330 மில்லியில் 16.5 மில்லி ஆல்கஹால் இருக்கிறது, ஆக ஒரு பாட்டிலுக்குத் தீர்வை மட்டுமே கிட்டத்தட்ட 1 வெள்ளி. வீட்டில் காய்ச்சும்போது அது உங்களுக்கு மிச்சம்.

மால்ட்பை:

பழையவாளி அண்ணன் சொன்னதில் சூடு, சுத்தம் இரண்டுக்கும் நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 20 லிட்டர் அண்டா வாங்கப்போகிறார் என்றால் டின்னை விட்டுவிட்டு நேராக தானியத்துக்கே போகலாம் என்பது என் கட்சி. ஆஸ்திரேலியக்காரர்கள் கண்டுபிடித்த பை முறைக்கு அந்த அண்டாவும் ஒரு வலைத்துணிப் பையும் தவிர வேறொன்றும் தேவையில்லை. துணிக் கடையில் 'வாயில்' (voile) எனும் மெல்லிய பாலியெஸ்டர் துணி வாங்கி அண்டாவின் வாய்க்குத் தைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

10 லிட்டருக்கு 2.3 கிலோ பேல் மால்ட், கடையிலேயே அரைத்துத் தரச் சொல்லுங்கள், மில் வாங்க வேண்டாம். சுமார் 15 லிட்டர் தண்ணீரை 70 டிகிரி வரை சூடாக்கிப் பையை விரித்துத் தானியத்தைக் கொட்டிக் கிளறினால் 66, 67க்கு வந்து நிற்கும். அடுப்பை அணைத்து மூடி ஒரு தடித்த கம்பளி சுற்றி ஒரு மணி நேரம். நம் ஊர் வெக்கை இந்த இடத்தில் மட்டும் நமக்குச் சாதகம், சூடு சீக்கிரம் இறங்காது. அப்புறம் பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு, திறந்து வைத்து ஒரு மணி நேரம் கொதி. கொதிக்கத் தொடங்கும் அந்த நிமிடம் பக்கத்தை விட்டு நகராதீர்கள், பால் பொங்குகிற மாதிரி மேலே ஏறி வரும், கரண்டியால் ஒரு கிளறு, தீயைக் கொஞ்சம் தணி, அவ்வளவுதான். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போடும்போதும் இன்னொரு தடவை எழும்பும்.

கேஸ்கேட் ஹாப்ஸ் 15 கிராம் தொடக்கத்தில் கசப்புக்கு, கடைசி ஐந்து நிமிடத்தில் 20 கிராம் வாசனைக்கு. உங்களுக்குக் கசப்பு தூக்கலாக வேண்டும் என்றால் முதல் அளவை 20 கிராமாக்குங்கள்.

பிழிந்த தானியம் ஈரத்தோடு நாலு கிலோ பக்கம் இருக்கும். அதை மறுநாள் வரை வீட்டில் வைத்தால் புளித்த நாற்றம் எடுக்கும், அன்றைக்கே இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். இரண்டு கைப்பிடி எடுத்து உலர்த்தி அரைத்துச் சப்பாத்தி மாவில் சேர்க்கலாம், நன்றாகவே இருக்கும்.

பழையவாளி:

மால்ட்பை, உங்கள் முறையில்தான் பீர் நன்றாக வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் தடவையிலேயே மாஷ் (தானியத்தை ஊறவைக்கும்) சூடு, பை, பிழிவது, கொதி, ஐஸ், சுத்தம் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒருவர் தலையில் வைத்தால் எங்கே கோட்டை விட்டார் என்றே அவருக்குத் தெரியாது. முதல் தடவை 1.2 கிலோ உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றைக் காயவைத்த தூள்), அதே ஹாப்ஸ், அதே ஈஸ்ட். நொதிக்க வைப்பதும் பாட்டிலில் அடைப்பதும் கைக்கு வந்துவிட்டால் அடுத்தது தானியம். அண்டா இரண்டுக்கும் அதேதான், காசு எங்கேயும் போகவில்லை.

தம்பி, எக்ஸ்ட்ராக்ட் பாக்கெட்டை அடுப்புப் பக்கத்தில் வைத்துப் பிரிக்காதீர்கள். ஆவி பட்ட அடுத்த நொடி கையிலும் கரண்டியிலும் மிட்டாய் மாதிரி இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போடவில்லை என்றால் ஒரு வாரத்தில் கல்லாகிவிடும்.

யீஷூன்_செல்வி:

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே குழாய்த் தண்ணீர் மென்மையானது, பீருக்கு நல்லதுதான், ஆனால் அதில் கிருமிநாசினியாகக் குளோரமின் இருக்கிறது. குளோரின் என்றால் கொதிக்கும்போது போய்விடும், குளோரமின் லேசில் போகாது. அது மால்ட்டில் இருக்கும் ஃபீனால்களோடு சேர்ந்தால் பீரில் பிளாஸ்திரி வாடை அடிக்கும், மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். கேம்ப்டன் மாத்திரை ஒன்று 75 லிட்டருக்கு வரும், 15 லிட்டருக்குக் கால் மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கிளறினால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். சில்லறைக் காசு, ஆனால் எந்தச் செட்டிலும் இதை வைத்துத் தருவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

தெம்பனிஸ்வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. செப்புச் சுருளையும் பெரிய வாளியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். பாட்டில் விஷயத்தில் பயமாக இருக்கிறது, வெடிக்கும் என்கிறார்களே, வீட்டில் நாலு வயசுக் குழந்தை இருக்கிறாள். ஹைட்ரோமீட்டரை விட்டுவிட்டு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வாங்கினால் ரெண்டு சொட்டில் அளக்கலாமாமே, அது எப்படி?

யீஷூன்_செல்வி:

குழந்தை இருக்கிற வீட்டில் கண்ணாடிப் பாட்டிலை முதல் சில தடவைக்கு மறந்துவிடுங்கள் அண்ணா. அரை லிட்டர் பெட் பாட்டில் வாங்குங்கள், பழுப்பு நிறம் கிடைத்தால் இன்னும் நல்லது. திருகு மூடி என்பதால் மூடி அடிக்கும் கருவிக்கான காசும் மிச்சம். கையால் அமுக்கிப் பார்த்தாலே வாயு ஏறியது தெரிந்துவிடும், கல் மாதிரி இறுகியதும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டியதுதான். நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம் கூட ஆகாது. பெட் பாட்டிலில் கொதிக்கிற வோர்ட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சுருங்கிப்போகும்.

பாட்டில் வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான், நொதித்தல் முடியும் முன்பே அடைப்பது, அல்லது சர்க்கரை கூடிப்போவது. ஏர்லாக் குமிழி நின்றுவிட்டது என்பதை நம்பாதீர்கள், மூடி லேசாகக் கசிந்தாலும் குமிழி நிற்கும். ஹைட்ரோமீட்டரில் இரண்டு நாள் இடைவெளியில் ஒரே எண் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். அதற்காகத்தான் ஹைட்ரோமீட்டரை விடக் கூடாது என்கிறேன். ரிஃப்ராக்டோமீட்டர் கொதிக்கும் நாளில் வசதி, ஆனால் ஆல்கஹால் உருவான பிறகு அது காட்டும் எண் தப்பு, திருத்தக் கணக்குப் போட வேண்டும். ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது, 30 டிகிரி வோர்ட்டில் 0.002, 0.003 குறைவாகக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். தொடக்கம் 1.045, முடிவு 1.010 என்றால் வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் சுமார் 4.6 சதவீதம்.

சர்க்கரை லிட்டருக்கு 6 முதல் 6.5 கிராம், சாதாரண வெள்ளைச் சீனியே போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம், சமையல் தராசில் நிறுத்து, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, மொத்தமாகப் பீரில் கலந்துவிட்டு அடையுங்கள். வெயில் படாத அலமாரி வேண்டும், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு ஒரு நாற்றம் வரும், நடைபாதைப் பக்கச் சன்னலோரம் கூடவே கூடாது.

அழுத்தம்15:

இன்னொரு வழியும் இருக்கிறது ப்ரோ. ஃபெர்ம்சில்லா மாதிரி அழுத்தம் தாங்கும் ஃபெர்மென்டர் வாங்கி 10, 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நொதிக்க வைத்தால் ஈஸ்ட் பழவாடையை அடக்கி வாசிக்கும், ஃபிரிட்ஜ் இல்லாமலே லாகர் ஈஸ்ட்டை நம் ஊர் அறைச் சூட்டில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குடிக்கத் தெளிவாக, சுத்தமாக வருகிறது. லாகர் பிரியர்களுக்கு இது வரப்பிரசாதம் என்று அடித்துச் சொல்வேன்.

பழையவாளி:

உண்மைதான், நானும் குடித்திருக்கிறேன், அருமை. ஆனால் அழுத்த வால்வு, கேஜ், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் என்று அது ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும், 250 வெள்ளியில் அடங்காது. அவர் கேட்பது பேல் ஏல். காசு சேர்ந்த பிறகு அடுத்து எதை வாங்குவது என்றால் என் ஓட்டு பழைய சின்ன ஃபிரிட்ஜுக்கும் இன்க்பேர்ட் மாதிரி ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும்தான். ஃபிரிட்ஜின் பிளக்கை அந்தக் கருவியில் செருகி, சென்சாரை வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்து டேப் போட்டுவிட்டால் அது காட்டுவது பீரின் சூடு, காற்றின் சூடு இல்லை. 19 டிகிரி என்று வைத்தால் 19தான். அன்றைக்கு உங்கள் வீட்டம்மாவின் கோதுமை பீரை ஆரம்பிக்கலாம்.

மயிலாப்பூர்_மணி:

சென்னையிலிருந்து படிக்கிறேன். இதே முறையை இங்கே வீட்டில் செய்யலாமா? மால்ட், ஈஸ்ட் எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறதே.

கல்லாங்_கணக்கர்:

செய்யாதீர்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 இன்றும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்று விலக்கு கிடையாது. மால்ட் கிடைப்பதால் காய்ச்ச அனுமதி என்று ஆகாது.

தெம்பனிஸ்வாசி:

சரி, இப்படி முடிவு பண்ணியிருக்கிறேன்: 20 லிட்டர் ஸ்டீல் அண்டா, 15 லிட்டர் வாளி, ஏர்லாக், ஹைட்ரோமீட்டர், சமையல் தெர்மாமீட்டர், ஸ்டார் சான், பெர்கார்பனேட், கேம்ப்டன், 20 பெட் பாட்டில், வொஸ் ஈஸ்ட், எக்ஸ்ட்ராக்ட், கேஸ்கேட். பை அடுத்த மாதம். ஈஸ்ட் பாக்கெட் 11 கிராம் என்று போட்டிருக்கிறது, 10 லிட்டருக்கு முழுசும் போடலாமா?

பழையவாளி:

பாதி போதும். மீதியை மடித்து டேப் ஒட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், சீக்கிரமே அடுத்த 10 லிட்டருக்குப் பயன்படுத்திவிடுங்கள். தூவும் முன் வோர்ட் 35 டிகிரிக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தூவும்போது கத்தரியையும் பாக்கெட்டின் ஓரத்தையும் ஸ்டார் சானில் நனைத்துவிடுங்கள்.

பட்டியலில் ஒன்று விட்டுப்போய்விட்டது. வாளியிலிருந்து பாட்டிலின் அடிவரை போகிற மாதிரி, நுனியில் வால்வு வைத்த குழல் ஒன்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மேலிருந்து ஊற்றினால் காற்று கலந்து இரண்டு வாரத்தில் ஹாப்ஸ் வாசனை போய் ஈர அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும்.

தெம்பனிஸ்வாசி:

சேர்த்துவிட்டேன் அண்ணா. சனிக்கிழமை அடுப்பு மூட்டுகிறேன், ஹைட்ரோமீட்டர் எண்ணை இங்கேயே போடுகிறேன்.